வாங்கும் கூப்பன் புத்தகமும்

நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுத அமரும்போது அதிபர்களின் பெயர்கள், அடிக்கல் நாட்டிய திகதிகள், பரிசளிப்பு விழாக்களின் பிரதம விருந்தினர்கள், விளையாட்டுக் கேடயங்கள் ஆகியவையே முதலில் நினைவுக்கு வரும். அவற்றுக்கு இம்மலரில் வேறு பக்கங்கள் உள்ளன. அதே நூறு ஆண்டுகளில் இந்நாட்டின் பெண் பிள்ளைகள் யாருக்கு அருகில் அமர்ந்து படித்தார்கள், அவர்களின் தாய்மார் யாருக்குப் பின்னால் வரிசையில் நின்று அரிசி வாங்கினார்கள் என்பதும் வரலாறுதான். அதை எழுத ஆளில்லாமல் போய்விடக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

இதற்கு இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று வகுப்பறையில் இருந்த வாங்கு. மற்றது வீட்டு அலுமாரியின் லாச்சியில் பத்திரமாக இருந்த கூப்பன் புத்தகம்.

ஒரு வாக்கியத்தில் இருக்கும் நாடு

மேலே எழுதிய இரண்டு வரிகளையே திரும்பப் பாருங்கள். 'வாங்கு' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அலுமாரியும் அவர்களுடையதே. லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. மேசை, கதிரை, ஜன்னல், சாவி, சப்பாத்து, துவாய் எல்லாம் போர்த்துக்கேயம். அப்பா வேலைக்குப் போன கந்தோர் ஒல்லாந்தம். காலையில் உண்ட பாண் போர்த்துக்கேயம், அதனுடன் தொட்டுக்கொண்ட சம்பல் மலாயர் தந்தது.

இதில் ஓர் அழகு உண்டு. சிங்களத்தில் மேசைக்கு 'மேசய', அலுமாரிக்கு 'அல்மாரிய', லாச்சிக்கு 'லாச்சுவ', வாங்குக்கு 'பங்குவ', கந்தோருக்கு 'கந்தோருவ' என்பார்கள். சப்பாத்து அங்கே 'சபத்து'. கடை 'கடே'. அக்கா அங்கும் அக்காதான், அம்மா அங்கும் அம்மாதான். நம் பிட்டும் தோசையும் வடையும் சிறிது ஒலி மாறி அவர்கள் வீட்டிலும் அதே பெயருடன் இருக்கின்றன. பிற்காலத்தில் ஒரே பாடசாலையில் தமிழ்ப் பிரிவும் சிங்களப் பிரிவும் வெவ்வேறு அறைகளில் இயங்கியபோது, பாடங்களின் மொழி பிரிந்தது. ஆனால் அந்த அறைகளில் இருந்த தளபாடங்களின் பெயர்கள் கடைசிவரை பிரியவில்லை.

சிறிய வாங்கு

எமது சங்கம் தொடங்கிய காலத்தில், அதாவது 1920களில், கொழும்பின் பெண் பாடசாலைகளில் பல சமூகத்துப் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்திருந்தனர் என்பது உண்மை. வெள்ளவத்தையிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை, பம்பலப்பிட்டிப் பறங்கியர் வீட்டுப் பிள்ளை, கொம்பனித்தெரு மலாயர் வீட்டுப் பிள்ளை, நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பிள்ளை, செட்டியார் தெரு வர்த்தகர் வீட்டுப் பிள்ளை என ஒரே வாங்கில் ஐந்து வீடுகளின் வாசனை இருந்திருக்கும். நடுவில் நின்று அவர்களை ஒன்றாக்கிய மொழி ஆங்கிலம்.

அக்காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் மூத்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வாங்கு மிகச் சிறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் இருந்தது. நாட்டில் ஆங்கிலம் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, எந்த மொழியிலாவது எழுத வாசிக்கத் தெரிந்த பெண்களே நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர்தான். மலையகத் தோட்டத்துப் பெண் பிள்ளை கொழுந்துக் கூடையுடன் மலையேறிக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில் வீட்டு வேலைக்கு விடப்பட்ட சிறுமி, அந்த வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு பாடசாலை வாயில்வரை வந்து திரும்பினாள். ஒன்றாக அமர்ந்தவர்கள் இனத்தால் பலர், வசதியால் ஒருவர்.

இதற்கிடையில் 1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. எழுதத் தெரியாத பெண்ணும் வாக்காளர் ஆனாள். அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் நெருங்கி வாழ்ந்த தொகுதி அது. அந்த மக்கள் ஒரு தமிழ்ப் பெண்ணைத் தம் பிரதிநிதியாக அனுப்பினார்கள் என்பது நம் பேத்திகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி.

வரிசை பிறந்த கதை

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கொழும்பின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை. மக்கள் கூட்டம் கூட்டமாகக் கொழும்பை விட்டு வெளியேறினர். பாடசாலைக் கட்டடங்கள் பலவற்றை இராணுவம் எடுத்துக்கொள்ள, வகுப்புகள் வெளியூர்களுக்கு இடம் மாறின.

குண்டை விடப் பெரிய அடி சோற்றுப் பானைக்கு விழுந்தது. அந்நாளில் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வந்தது, முக்கியமாகப் பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமானது. இருக்கும் அரிசியை எல்லோருக்கும் பங்கிட வேண்டிய நிலையில் அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. அப்படிப் பிறந்ததுதான் கூப்பன் புத்தகம். பங்கீட்டுப் பொருள்களை விற்பதற்காகச் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் கூட்டுறவுக் கடைகள் தோன்றின. யாழ்ப்பாணத்தில் அதைச் சங்கக்கடை என்றோம். கோதுமை மா நம் அடுப்பில் நிரந்தர இடம் பிடித்ததும் அப்போதுதான். அரிசிமாப் பிட்டு அவித்த கைகள் அமெரிக்கன் மாவை அவித்து அரித்துப் பிட்டுக் கொத்தப் பழகின. பாண், ஏழையின் காலையுணவாயிற்று.

கூப்பன் புத்தகத்தில் இனம் பார்த்து அரிசி அளக்கப்படவில்லை. ஆளுக்கு ஒரு புத்தகம், வாரத்துக்கு இவ்வளவு. விதானையார் கையெழுத்துப் போட்டால் போதும். தேசிய அடையாள அட்டை 1970களில்தான் வந்தது. அதற்கு முன்னர் ஒருவர் இந்த வீட்டில்தான் வசிக்கிறார் என்று காட்டக் கையில் இருந்த கடுதாசி பெரும்பாலும் இதுவே. கையில் காசு இல்லாத வீட்டுப் பெண்கள் இதைக் கடைக்காரரிடம் அடகு வைத்துக் கடன் வாங்கியதும் உண்டு. நகை அடகு வைக்க நகை வேண்டும். கூப்பன் எல்லோரிடமும் இருந்தது.

வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாகவும், பாடசாலை போகுமுன் பிள்ளைகளின் வேலையாகவும் இருந்தது. காத்திருக்கும் நேரத்தில் பேச்சு வளர்ந்தது. சிங்களம் தெரியாத யாழ்ப்பாணத்து அம்மாவும் தமிழ் தெரியாத காலிப் பக்கத்து அம்மாவும் 'சீனி', 'பருப்பு', 'லாம்பெண்ணெய்' என்ற சொற்களில் தொடங்கிப் பிள்ளையின் காய்ச்சல்வரை பேசப் பழகினார்கள். மரவள்ளிக்கிழங்குடன் இஞ்சி சேர்க்கக்கூடாது என்ற எச்சரிக்கை சிங்கள வீட்டிலும் தமிழ் வீட்டிலும் ஒரேமாதிரி இருக்கிறதே, அது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? இப்படிப்பட்ட அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் அச்சாகவில்லை. வரிசையிலும் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் வாய்வழியாகப் பரவியது.

வாங்கு நீண்டது, பிரிந்தது

1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த குழு 1943இல் தந்த அறிக்கையின் பலன் அது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லை என்ற சொல், ஆண் பிள்ளைக்கு மட்டும் கட்டணம் கட்டப் பணமிருந்த வீடுகளில் பெண் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது. 1981இல் எழுத வாசிக்கத் தெரிந்த பெண்களின் விகிதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டியது. இந்த ஒரு மாற்றம் இல்லாவிடில் இம்மலரை எழுதுவோரிலும் வாசிப்போரிலும் பலர் இல்லை.

அதே காலத்தில் தாய்மொழி மூலக் கல்வியும் வந்தது. முதலில் ஆரம்ப வகுப்புகள். 1953இல் ஆறாம் வகுப்பு. பின்னர் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி 1960களில் பல்கலைக்கழகத்தை அடைந்தது. ஏழைப் பிள்ளைக்கு இதுவும் பெரும் நன்மையே. தனக்குத் தெரிந்த மொழியில் விஞ்ஞானமும் சரித்திரமும் படித்துச் சோதனை எழுத முடிந்தது. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ், சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம் என்று ஆனபோது, ஒரே பாடசாலையில் இரண்டு பாடசாலைகள் உண்டாயின. முஸ்லிம் பிள்ளைகள் மொழியைத் தெரிவு செய்யலாம் என்றிருந்ததால், ஒரே வீட்டுச் சகோதரிகள் வெவ்வேறு மொழியில் படித்ததும் உண்டு. பறங்கியர் குடும்பங்கள் பல 1950களிலும் 60களிலும் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. அவர்கள் விட்டுச் சென்றவை லவ் கேக்கும் லம்ப்ரைசும் பழைய வகுப்புப் புகைப்படங்களில் சில முகங்களும்.

1956இல் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958 மே மாதத்தில் இனக்கலவரம் நடந்தது. அதே ஆண்டில் வந்த தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் பல காலம் கடதாசியில் தூங்கியது. தமிழ்ப் பெண்ணொருத்தி பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதவோ, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் வாசிக்கவோ இன்னொருவரின் உதவியை நாடவேண்டியதாயிற்று. நம் சங்கத்து மூத்தோரில், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்து அரசாங்க உத்தியோகத்தை இழந்த குடும்பங்களின் கதை தெரியாதவர்கள் குறைவு.

சேர்ந்திருந்த வாங்கு சிறியதாக இருந்தது. அதை எல்லோருக்குமாக நீட்டியபோது நடுவில் அறுத்துவிட்டோம். நீட்டியது சரி. அறுக்காமல் நீட்டியிருக்க முடியாதா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் மற்றவரின் மொழியையும் கட்டாயம் படிக்கும்படி அன்றே செய்திருந்தால் என்ற ஏக்கம் அரசியல்வாதிகளுக்கு இல்லாவிட்டாலும் ஆசிரியைகளுக்கு இருந்தது.

1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. சில பாடசாலைகள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்று பணமுட்டுப்பாட்டில் தவித்தன. அப்போது பல பாடசாலைகளைத் தாங்கிப் பிடித்தவை பழைய மாணவியர் சங்கங்கள். நிதிக்காக நடந்த களியாட்ட விழாக்களில் ஒரு மேசையில் வட்டிலப்பம், அடுத்ததில் கவுங், அதற்கடுத்ததில் பயற்றம் பணியாரம் விற்றன. வகுப்புகள் மொழியால் பிரிந்த பின்னரும் சங்கம் ஒன்றாகவே இருந்தது. ஆங்கிலத்தில் படித்த பாட்டியும், தமிழில் படித்த மகளும், சிங்களத்தில் படித்த அயல்வீட்டுத் தோழியும் ஒரே கூட்டத்தில் அமரக்கூடிய இடம் அதுதான்.

தட்டு வெறுமையாகத் திரும்பாது

வகுப்பறையில் நிகழாததை அடுப்படி ஓரளவு ஈடுசெய்தது. சித்திரை வருடப்பிறப்பு சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாள். பாற்சோறும் கொக்கிஸும் வரும், முறுக்கும் பலகாரமும் போகும். பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும். நத்தாருக்குக் கேக் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இட்டு அனுப்புவார்கள்.

இதில் நுட்பமான அறிவு இருந்தது. அடுத்த வீட்டுச் சைவ அம்மா வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டார் என்பது முஸ்லிம் அயலவருக்குத் தெரியும். பெருநாள் வெள்ளிக்கிழமை வந்தால் அந்த வீட்டுக்கு வட்டிலப்பத்துக்குப் பதில் தொதல் போகும். தொதலில் முட்டை இல்லை. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீட்டின் முன் பிள்ளைகள் தின்றுகொண்டு நிற்கக்கூடாது என்று சிங்கள அம்மா தன் பிள்ளைகளைக் கண்டிப்பார். மற்றவரின் சமயத்தை நம்பவேண்டியதில்லை, அவர் எதை எப்போது உண்ணமாட்டார் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும் என்ற அளவில் இது ஒரு பெரிய ஒழுக்கம்.

தெருவிலும் இவ்வாறே. வெசாக் தன்சலில் வரிசையில் நின்று உண்டவர்களிடம் யாரும் சமயம் கேட்டதில்லை. ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும்போது சிங்களக் குடும்பங்களும் வாசலில் நின்று பார்த்தன. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் நேர்த்தி வைத்துச் சென்றவர்களில் சைவரும் பௌத்தரும் நிறைய. 2019 உயிர்த்த ஞாயிறன்று அதே கோவிலில் குண்டு வெடித்தபோது கொழும்பின் எல்லா வீட்டிலும் நெஞ்சு பதறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரிசியும் அரசும்

அரிசி இந்நாட்டில் அரசாங்கங்களை ஆட்டிவைத்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் இறங்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அதற்கு முந்திய ஆண்டின் முடிவில் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் அரிசி ஒப்பந்தமும் இதே பசியின் கதைதான். 1966இல் அரிசிப் பங்கு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்து, அந்த ஒரு கொத்து இலவசமாயிற்று. 1970 தேர்தலில் இரண்டாவது கொத்து மீண்டும் பெரிய வாக்குறுதி ஆனது.

1973, 74ஆம் ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. உலகச் சந்தையில் தானியமும் சீனியும் எண்ணெயும் விலையேற, நாட்டில் பாணுக்கு விடியுமுன் வரிசை. கல்லையும் பன் பையையும் வைத்து இடம் பிடித்தோம். உணவுச்சாலைகளில் வாரத்தில் இரு நாள் சோறு இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. சலுசலவில் சீத்தைத் துணிக்குக் காத்திருப்பு.

ஆனால் வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இறக்குமதித் தடையால் வெங்காயமும் மிளகாயும் விலை போய் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கல்வீடு கட்டிய அதே ஆண்டுகளில், மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். தோட்டத்தில் பங்கீடு குறைந்தால் ஈடுசெய்ய ஒரு துண்டு நிலமும் அவர்களுக்கு இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோர் நாடற்றவராகியிருந்தனர். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அதுவும் ஒருவகைப் பங்கீடுதான். மனிதரைப் பங்கிட்டார்கள். இலவசக் கல்வியும் அவர்களின் லயத்து வாசலுக்கு மிகவும் தாமதித்தே வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். 1945இல் நீண்ட வாங்கில் அவர்களின் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க ஒரு தலைமுறை கடந்தது.

1978இல் பங்கீடு வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. அடுத்த ஆண்டு உணவு முத்திரை வந்தது. கூப்பன் புத்தகத்தின் காலம் முடிந்தது. கடைகளில் பொருள்கள் நிறைந்தன. வரிசை போயிற்று, வரிசையில் பிறந்த பேச்சும் போயிற்று.

பெயர்ப் பட்டியல்கள்

1983 யூலையில் கொழும்பில் நடந்ததை இம்மலரின் வாசகியர் பலர் உடம்பில் சுமக்கிறார்கள். கலகக்காரர் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீட்டில் எந்தப் பெயர் என்று பார்த்து எரித்தார்கள். நாற்பது ஆண்டுகள் பெயரெழுதிய ஒரு பட்டியல் எல்லா வீட்டுக்கும் அரிசி தந்தது. பெயரெழுதிய இன்னொரு பட்டியல் சில வீடுகளுக்குத் தீ வைத்தது.

அந்நாட்களில் தட்டுப் பரிமாறிய அயலவர் பலர், தம் உயிரையும் பொருட்படுத்தாமல் தமிழ்க் குடும்பங்களை அறைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள். பாடசாலைகளும் கோவில்களும் அகதி முகாம்களாயின. 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறை போய் இறங்கியவர்களில் கொழும்பைத் தவிர வேறு ஊர் அறியாத சிறுமிகள் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அங்கும் தட்டுப் பரிமாறிய அயல் இருந்தது. அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

இந்த நூறு ஆண்டுகளில் நாம் மறைக்காமல் சொல்லவேண்டிய பாடம் இதுவென்று கருதுகிறேன். அன்றாட நெருக்கம் விலைமதிப்பற்றது. ஆனால் அது தனியே நின்று ஒரு நாட்டைத் தாங்காது. அதற்குக் கீழே சமமான சட்டம் வேண்டும், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவேண்டும். தமிழும் அரசகரும மொழியாகும் என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1987இல் வந்தது. அதற்குள் எத்தனையோ வீடுகள் எரிந்துவிட்டன.

வடக்கில் 1990களில் வரிசை மீண்டும் வந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பவுணுக்கு நிகரானது. ஜாம் போத்தலில் சிறிது பஞ்சும் துளி எண்ணெயும் விட்டு ஏற்றிய விளக்கில் படித்துக் க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த பெண் பிள்ளைகள், இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இன்றைக்கு

2022இல் தென்னிலங்கையும் வடக்கும் மலையகமும் ஒன்றாக மீண்டும் வரிசையில் நின்றன. எரிவாயு, மண்ணெண்ணெய், பால்மா, பெற்றோல். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பின்போடப்பட்டது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. பாட்டி லாச்சியில் பூட்டி வைத்த கூப்பன் புத்தகம், பேத்தியின் கைத்தொலைபேசியில் கியூஆர் குறியீடாக மறுபிறவி எடுத்தது. அந்த வரிசைகளிலும் ஒருவர் இடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தேநீர் பகிர்ந்தார்கள், அரைகுறைச் சிங்களத்திலும் அரைகுறைத் தமிழிலும் பேசினார்கள். எண்பது ஆண்டுகளின் பின்னும் பேச்சு அரைகுறையாக இருப்பதுதான் கவலை. இன்று பாடசாலைகளில் இரண்டாம் தேசிய மொழி ஒரு பாடமாக இருக்கிறது. அது நேரசூசியில் ஒரு கட்டமாக மட்டும் இருந்துவிடக்கூடாது. அதைக் கற்பிக்க நல்ல ஆசிரியைகள் கிடைக்க உதவுவதைவிடப் பழைய மாணவியர் செய்யக்கூடிய பயனுள்ள பணி வேறு அதிகம் இல்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் சகோதரியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வாங்குகளைக் கறையான் அரித்துவிட்டது. கூப்பன் புத்தகங்களைப் பெரும்பாலானோர் குப்பையில் போட்டுவிட்டோம். ஆனால் உங்கள் பெட்டிகளின் அடியில் ஒரு கையெழுத்து ஏடு இருக்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தோழியர் எழுதிய பிரியாவிடை வரிகள் அதில் இருக்கும். அம்மாவின் கொப்பியில் அடுத்த வீட்டு அம்மா சொல்லித் தந்த லவ் கேக் செய்முறை, முந்திரியும் ரவையும் இத்தனை அவுன்ஸ் என்று பென்சிலால் எழுதியிருக்கும். சங்கக்கடைக் கணக்கு எழுதிய ஒரு துண்டு இருக்கும். அவற்றைப் படமெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று ஒரு குறிப்புடன் சங்கத்துக்கு அனுப்புங்கள். எண்பது வயதைக் கடந்த அக்காமார் உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் யாருக்கு அருகில் அமர்ந்து படித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டாவது நூற்றாண்டு மலரை எழுதப்போகிறவர்களுக்கு இவை வேண்டும்.